கறுப்புத் தாளில் விழுந்த மா

போன கிழமை நான் முன்பு வேலை செய்த வாத்தியப் பட்டறையிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பூச்சி அரித்த வாத்தியங்களை இப்போது பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி, பெரிய ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறார்களாம். இரண்டு கிழமையில் பூச்சி, புழு, முட்டை எல்லாம் விறைத்துச் செத்துப் போகுமாம். "நீங்கள் இத்தனை வருடம் பூச்சியோடு போராடியவர், உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். போராடியது உண்மைதான். எந்தப் பக்கம் நின்று போராடினேன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ரவூப். ஊர் மடவளை. வாப்பா கட்டில் செய்கிறவர். கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்த வாத்தியக் கடைக்கு, கண்ணாடி அலுமாரி ஒன்று பொருத்துவதற்காக இருபது வயதில் போனேன். பின்னால் இருந்த பட்டறைக்குப் பொறுப்பாளரான சிவலிங்கம் ஐயா நான் சீவுளி தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கும் வாங்க" என்றார். அந்த "நாளைக்கு" முப்பத்தெட்டு வருடம் நீடித்தது. முதல் மூன்று வருடம் மரம் ஒட்டும் வச்சிரப் பசை காய்ச்சினேன். அடுத்த மூன்று வருடம் வச்சிரம் நன்றாகக் காய்ச்சினேன். பிறகுதான் கையில் உளி வந்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. இன்றைக்கும் ஒரு தந்தி சுருதியில் நிற்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்டால், கேட்டவருடைய முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஊரில் என்ன தொழில் என்று விசாரித்தால் "தளபாட வேலை" என்பேன். மரத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

சிவலிங்கம் ஐயா ஒருவரையும் ஏசியதில்லை. காலையில் பத்து மணிக்கும் பின்னேரம் மூன்றரைக்கும் பால் சேர்க்காத பிளேன் டீ வரும். நாங்கள் ஏதாவது பிழை செய்திருந்தால், தன்னுடைய டீயில் பாதியைத் தட்டில் ஊற்றி எங்கள் பக்கம் நகர்த்துவார். அதற்கு, உட்கார், உன்னோடு பேச வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பாதி டீக்குப் பயந்து நான் பல நாள் மூன்றரைக்குக் கழிப்பறையில் இருந்திருக்கிறேன்.

முதல் பாதி டீ தெல்தோட்டையிலிருந்து வந்த ஒரு வயலினால் கிடைத்தது. கோயிலில் வாசிக்கும் ஒருவர் அதை உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வெளியே பளபளவென்று இருந்தது. ஒரு ஓரத்தில் குண்டூசி முனையளவு நாலைந்து துளைகள். நான் பெரிய கெட்டிக்காரன் போல, மரம் திடமாக இருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்தினேன். விரல் முழுவதும் உள்ளே போய்விட்டது. உள்ளே மரமே இல்லை. வார்னிஷ் மட்டும்தான் வயலின் என்று நின்றிருக்கிறது.

"பூச்சி தின்னிருச்சு" என்று நான் வாயெடுத்தேன். ஐயா என்னை முந்திக்கொண்டார்.

"எங்க ஆளு விரல வச்சு ஒடைச்சிட்டாருங்க" என்று வந்தவரிடம் சொன்னார். "மரம் ஏற்கனவே போயிருந்தது. ஆனா ஒடைச்சது நாங்க. நாங்களே புதுப் பலகை போட்டுத் தர்றோம்."

வந்தவர் போன பிறகு டீத் தட்டு நகர்ந்து வந்தது. "பூச்சி செஞ்சது பூச்சி கணக்கு. கை செஞ்சது கை கணக்கு. ரெண்டையும் கலக்காதீங்க" என்றார். சரி ஐயா என்றேன். இப்படிச் சரி சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஐயாவின் கறுப்புத் தாள் முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். துளையுள்ள வாத்தியம் எது வந்தாலும் முதலில் தூரிகையால் நன்றாகத் தட்டி, ஊதி, பழைய தூசியை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு பின்னறையில் கறுப்புத் தாள் விரித்து, அதன் மேல் வாத்தியத்தை வைத்து, யாரும் தொடாமல் விட வேண்டும். தினமும் காலையில் தாளைப் பார்க்க வேண்டும். உள்ளே உயிருள்ள புழு இருந்தால் வெள்ளை மா விழும், மைதா மாவைப் போல. இல்லாவிட்டால் தாள் சுத்தமாக இருக்கும். அப்படியென்றால் அந்தத் துளைகள் பூச்சி எப்போதோ விட்டுப்போன காலி வீடு, அடைத்துவிட்டுப் போகலாம். எத்தனை நாள் என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. ஐயா ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்பார். நாற்பது போதும், பிள்ளை பெற்றவளுக்கே நாற்பதுதானே என்பேன் நான். கடைசியில் எப்போதும் நாற்பத்தெட்டுத்தான்.

சரி, வீணைக்கு வருகிறேன்.

ஐயாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. இரண்டு மாதம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். போகும்போது பட்டறைச் சாவியை என் கையில் தந்தார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சாவி கிடைத்த முதல் நாளே நான் காற்சட்டையை மாற்றி, நீளக்கைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். மரத்தூளில் நீளக்கைச் சேர்ட் போடுகிறவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கிழமையில்தான் கௌரி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு. பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் இருப்பது அந்த ஒரு வீணைதான். அவருடைய தகப்பனார் ஊரை விட்டு வரும்போது லொறியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பலா மரம். குடத்தின் அடி ஓரத்தில், தண்டு சேரும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, துளைகள் இருந்தன.

"நானா, இது பரவி மூட்டுக்குப் போயிட்டா தந்தி இழுக்கிற இழுவையில குடம் பிளந்திடுமெண்டு ஒருத்தர் சொல்லுறார். உண்மையோ?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

உண்மைதான். நான் உண்மையைச் சொன்ன கடைசி இடம் அது. அடுத்து விரல் முட்டியால் குடத்தைத் தட்டினேன். கொஞ்சம் தூள் விழுந்தது. "உள்ள புழு உயிரோட ஈக்கிது டீச்சர்" என்றேன். தூரிகையும் எடுக்கவில்லை, தாளும் விரிக்கவில்லை. பழைய துளையைத் தட்டினாலும் பழைய தூள் விழும் என்று இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியும். ஆனால் நாற்பத்தெட்டு நாள் காத்திருந்தால் ஐயா வந்துவிடுவார். அவர் வருவதற்குள் இந்த வீணையை முடித்து, சுவரோரம் சாத்தி வைத்து, "இது எப்ப வந்தது?" என்று அவர் கேட்க, "அதுவா ஐயா" என்று நான் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எல்லாம்.

வேலை நன்றாகவே நடந்தது. தந்தி கழற்றி, அதைத் தாங்கும் குதிரையை எடுத்து, சூடாக்கிய மெல்லிய கத்தியால் மேற்பலகையின் வச்சிரத்தை இளக்கி, ஒரு கீறலும் விழாமல் பலகையைத் தூக்கினேன். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊசியால் மருந்து ஏற்றினேன். துளைகளின் உட்புறம் கறுத்திருந்தது. புதுத் துளை என்றால் உள்ளே மரம் வெள்ளையாகத் தெரியும். கறுத்த துளை பழையது என்று நான் அப்போது நினைக்கவேயில்லை என்று எழுதலாம், ஆனால் நினைத்தேன். நினைத்துவிட்டு மருந்தை ஏற்றினேன்.

மிகவும் அரித்திருந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து அந்த இடத்தில் புதுத்துண்டு பொருத்த நல்ல பழைய பலா வேண்டும். அது என்னிடம் இருந்தது. என் வீட்டுக் கட்டில். என் வாப்பா செய்து, என் மாமனார் வாங்கி, எனக்கே சீதனமாகத் தந்த கட்டில். அதன் கால்மாட்டுப் பலகை என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்ததால் ஒருநாள் கழற்றி வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டை வெட்டினேன். கெட்டியான மஞ்சள் வைரம் ஓடாத வெள்ளைப் பக்கம்தான் செதுக்க இலகுவாக இருந்தது. நிறம் ஒத்துவரவில்லை என்று கடும் பிளேன் டீயை மூன்று தடவை பூசினேன். வச்சிரம் தடவி, சைக்கிள் டியூபைக் கீலமாக வெட்டி இறுக்கிக் கட்டினேன். காய்ந்து அவிழ்த்தபோது ஒட்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவி பரீதாவிடம் இதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். அவள் கட்டிலுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க, திரும்பவும் மா கொட்டீக்கிது" என்றாள்.

"புள்ளைகள் பவுடர் கொட்டீப்பாங்க" என்றேன். எங்கள் கடைசிப் பிள்ளைக்கு அப்போது பதினேழு வயது.

வீணையைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். அதோடு நின்றிருக்கலாம். வீணை வைக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலுமாரி நின்றது. கண்டிக்கு வந்ததும் தகப்பனார் முதலில் செய்வித்தது அதுவாம். அவருடைய புத்தகங்கள் அப்படியே இருந்தன. நான் போய் அதையும் தட்டினேன். தூள் விழுந்தது.

"இங்கயிருந்துதான் வந்தீக்கிது டீச்சர். இத வெளியாக்கணும்."

"மருந்தடிச்சா காணாதோ?"

"காணாது."

"வேற வழி ஒண்டும் இல்லையோ, நானா? அப்பா போனாப் பிறகு நான் இத திறக்கிறதே குறைவு. ஆனா அது இஞ்ச நிக்கவேணும் போல கிடக்கு."

"இது நிண்டா வீணை நிக்காது டீச்சர்" என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது. அந்த வசனத்தை பஸ்ஸில் வரும்போது இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஐயா திரும்பி வந்தார். நான் நினைத்தபடி சுவரோரம் சாத்தி வைக்க வீணை இல்லை. ஆனாலும் விவரமாகச் சொன்னேன். "தாள்ல வச்சுப் பாத்தீங்களா?" என்றார். "வச்ச மாதிரித்தான் ஐயா" என்றேன். அவர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார்.

ஐந்து மாதம் கழித்து டீச்சர் தொலைபேசியில் பேசினார். வீணைக்குக் கீழே மா விழுகிறதாம்.

"வீட்டுல வேற ஏதோ மரச் சாமான்ல ஈக்கிது டீச்சர், நல்லாத் தேடிப் பாருங்க" என்றேன்.

"இனி வெளியில போட ஒண்டும் இல்லை நானா. நாங்கள் இப்ப பிளாஸ்டிக் கதிரையிலதான் இருக்கிறம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வீணை வந்தது. இந்தத் தடவை ஐயாவே தூரிகை எடுத்தார், ஐயாவே தாள் விரித்தார். நாற்பத்தெட்டு நாள் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாளில் மா இருந்தது. முழுத் தாளிலும் இல்லை. என் ஒட்டுக்கு நேர் கீழே மட்டும், ஒட்டின் அளவில், ஒட்டின் வடிவத்தில். ஐயா குனிந்து, புதுக் கண்ணால் நன்றாகப் பார்த்தார். பழைய துளைகள் எல்லாம் கறுப்பாகவே இருந்தன. ஒட்டில் மட்டும் நான்கு துளை, உள்ளே புத்தம் புது வெள்ளை.

"இந்தத் துண்டு எங்க எடுத்தீங்க?"

எடுத்த இடத்தைப் பெருமையோடுதான் சொன்னேன். வாப்பாவின் கை வேலை, அந்தக் காலத்துப் பலா என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். நேரம் ஒன்பது மணிகூட ஆகவில்லை. ஐயா ஆளனுப்பி டீ வரவழைத்தார். பாதியைத் தட்டில் ஊற்றினார்.

"ரவூப், வீட்டுக்குப் போயி கட்டிலுக்குக் கீழ பாருங்க."

பார்க்கத் தேவையிருக்கவில்லை. தட்டைக் கையில் எடுத்தபோதே எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் போனேன். பரீதா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தூள் அள்ளும் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதத்தானே நான் வருசக்கணக்கா கூட்டிக்கிட்டு ஈக்கிறன். பட்டறையில லென்ஸ் வச்சுப் பாக்கிற மனிசன், ஊட்டுல குனிஞ்சு பாத்தீங்களா ஒரு நாளாவது?"

பாவம் அந்த வீணை. அதற்கு ஒரு நோயும் இருக்கவில்லை. காலி வீட்டுக்கு மருந்தடித்து, என் படுக்கையிலிருந்து பூச்சியைக் கொண்டுபோய் நானே குடிவைத்திருக்கிறேன். அந்த வீட்டில் இருந்த ஒரு குற்றமும் செய்யாத அலுமாரியைப் பிடித்துத் தண்டனையும் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஐயா கேட்டார். "டீச்சருக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அவர் சொன்னால் "எங்க ஆளு பண்ணிட்டாருங்க" என்று தொடங்கி, பாதிப் பழியைத் தன் தலையிலும் போட்டுக்கொள்வார். அதைத் தாங்க என்னால் முடியாது என்று தோன்றியது. நானே போனேன். பஸ்ஸில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் பூச்சிதான் எழுவாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்றையும் விட்டுவிட்டேன்.

"டீச்சர், ஒங்கட வீணையில பூச்சி ஈக்கல்ல. நான்தான் கொண்டுவந்து வச்சன். என்ட ஊட்டுக் கட்டில்ல ஈந்தது."

கறுப்புத் தாளைப் பற்றியும் சொன்னேன். எத்தனை நாள் வைக்க வேண்டும், நான் ஏன் வைக்கவில்லை, யாருக்குக் கெட்டிக்காரத்தனம் காட்ட அவசரப்பட்டேன், எல்லாம். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப, அப்பான்ர அலுமாரி?"

"அதுல ஒண்டும் ஈக்கல்ல டீச்சர். அண்டைக்கு விழுந்தது புத்தகத் தூசி."

அவர் எழுந்தார். படலையைக் காட்டி வெளியே அனுப்பப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் குசினியைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தார். அங்கே தகரத்தின் கீழ் பலகைகள் அடுக்கியிருந்தன.

"சுடுதண்ணிக்கு எரிக்கத்தான் பிரிச்சுப் போட்டது. ரெண்டு தட்டு எரிச்சாச்சு. மிச்சத்தை எரிக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார்.

பேனாக்கத்தியால் ஒரு பலகையைச் சுரண்டினேன். மஞ்சள் கிழங்கை வெட்டியது போல இருந்தது. முழுதும் வைரம். எந்தப் பூச்சியும் பல் வைக்க முடியாத மரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை நூற்றாண்டை எட்டப்போகிற மனிதன், ஒரு விறகுக் குவியலுக்கு முன்னால் நின்று மூக்கைத் துடைத்தேன்.

"இதில ஒரு பலகைய நான் கொண்டு போகட்டா?"

"கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்கள்?"

"முதல்ல கறுப்புத் தாள்ல வைக்கணும். நாப்பது நாள்."

"ஐயா நாப்பத்தெட்டு எண்டு சொல்லுறவரெண்டு சொன்னனீங்கள்."

"ஓம் டீச்சர்."

"அப்ப ஐயான்ர கணக்கிலயே வையுங்கோ."

வைத்தேன். தாள் கடைசி வரை கறுப்பாகவே இருந்தது. அந்த நாற்பத்தெட்டு நாளும் டீச்சரின் வகுப்பு நடக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பிறகு ஐயா விளக்கைப் பிடிக்க, நான் என் அழகான ஒட்டை உளியால் எடுத்தேன். உள்ளே அது பிட்டு மாவாக உதிர்ந்தது. அதற்கு அடுத்த மரத்தையும் மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டு போனேன். பூச்சி தண்டு சேரும் மூட்டு வரை போயிருந்தால் வீணை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. இரண்டு தடவை உளியைக் கீழே வைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது சீவல் மஞ்சளாக வந்தது.

"வெள்ளை முடிஞ்சிருச்சு" என்றார் ஐயா. "போதும். இனி அதுக்குத் தின்ன ஒண்ணும் இல்ல."

அலுமாரிப் பலகையில் ஒட்டுக்கு அளவெடுக்கும்போது ஒரு ஓரத்தில் பென்சிலால் மூன்று என்று எழுதியிருப்பதைக் கண்டேன். மூன்றாம் தட்டு வரும் இடத்தை டீச்சரின் தகப்பனார் குறித்திருக்கிறார். அந்தப் பகுதியையே வெட்டி, எழுத்து குடத்தின் உட்பக்கம் வரும்படி வைத்து ஒட்டினேன். டீ பூசவில்லை. நிறம் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிறது. தெரியட்டும் என்று ஐயாவும் சொன்னார். மீதிப் பலகைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டுக்கே போய், இரண்டு தட்டுக் குறைந்த அலுமாரியாகப் பொருத்திக் கொடுத்தேன். கொஞ்சம் குட்டையாக நிற்கிறது. எங்கள் கட்டிலை எரித்தோம். பாயில் படுத்த முதல் நாள் பரீதா, "அல்ஹம்துலில்லாஹ், இனி கூட்டத் தேவையில்ல" என்றாள்.

வீணையைக் கொடுக்கப் போன நாள் டீச்சர் விறாந்தையில் பாய் விரித்து அதை மடியில் வைத்து, சுருதி சேர்த்துக் கொஞ்ச நேரம் வாசித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது போல. பென்சில் எழுத்தைப் பற்றிச் சொன்னபோது கையை நிறுத்தி, ஒட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

பிறகு, "இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று உள்ளே போனார். எனக்காக ஒரு மரக் கதிரை போட்டிருந்தது. யாரிடமோ வாங்கி வைத்திருக்க வேண்டும். நானும் போய் உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் முழுக் கோப்பையாக வந்தது. அலுமாரியைப் பற்றி, பிள்ளைகள் திரும்ப வகுப்புக்கு வருவதைப் பற்றிப் பேசினோம். போவதற்கு எழுந்தபோதுதான் காலடியில் கவனித்தேன். என் கதிரைக்குக் கீழே, நான்கு காலும் உள்ளே வரும்படி, கறுப்புத் தாள் ஒன்று விரித்திருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். என்ன செய்ய, பழக்கம். தாள் சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒண்டும் விழல்ல டீச்சர்" என்றேன்.

டீச்சர் கோப்பையை எடுத்துக்கொண்டு சிரிக்காமல் சொன்னார்.

"ஒரு நாள் பாத்துச் சொல்லேலாது, நானா. இன்னும் நாப்பத்தேழு நாள் வரவேணும்."